நீர்நகரங்களும் நிழற்படங்களும்

ஒரு நாட்டின் பழமையை அறிவதற்கு வழிகள் மூன்று உள. அந்நாட்டார் எழுதி வைத்த ஏடுகளைக் கற்பது ஒன்று. அவர்கள் எழுப்பிய மனைகளையும் கோயில்களையும் நேரிற் காண்பது மற்றொன்று. ஏடும் மனையும் தீக்கும் வெள்ளத்துக்கும் போருக்கும் இரையான இடங்களில், அவை அழியுமுன் எவரேனும் அவற்றை வரைந்தோ, அளந்தோ, நிழற்படமாக எடுத்தோ வைத்தனரா எனத் தேடுவது மூன்றாவது. இம்மூன்றாவது வழியின் அருமையை உணர்வதற்குச் சீன நாட்டின் நீர்நகரங்கள் மிகச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

யாங்சிப் பேராறு கடலை அணுகும் பகுதியில், அதன் இரு மருங்கும், சூசௌ, ஹாங்சௌ, யாங்சௌ முதலிய நகரங்கள் அமைந்துள்ளன. விண்ணிலே துறக்கம் உண்டெனில் மண்ணிலே சூசௌவும் ஹாங்சௌவும் உண்டு என்பது சீன மக்களின் பழமொழி. இந்நகரங்களுக்குச் செல்வோர் காமிராவை மறந்து செல்வதில்லை. பிறைபோல் வளைந்த கற்பாலம், அதன் நிழலோடு சேர்ந்து முழுமதியாவது. வெண்சுவரில் வெட்டிய வட்ட வாயில். அவ்வாயிலுக்கு அப்பால் ஒரு மூங்கிற் புதர். இவையெல்லாம் படம் எடுப்பதற்கென்றே படைக்கப்பட்டனவோ என்று ஐயுறத் தோன்றும்.

ஆயின் இவ்வழகு தானே நிலைத்து நின்றதன்று. பலமுறை அழிந்து, பலமுறை மீட்கப்பட்டது. மீட்டவர்களுள் சிலர் கையில் இருந்தது கல்லுளி. சிலர் கையில் தூரிகை. சிலர் கையில் காமிரா. நாமும் ஒரு காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, இந்நகரங்களின் வரலாற்றினூடே சிறிது நடந்து வருவோம்.

பெருங்கால்வாய்

இந்நகரங்களைப் பெற்றெடுத்த தாய் ஆறன்று, கால்வாய். சீனத்தின் பேராறுகள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவன. தெற்கே விளைந்த நெல்லை வடக்கேயிருந்த தலைநகருக்கும் எல்லைப் படைக்கும் கொண்டு செல்ல வடக்கு தெற்காக ஓடும் நீர்வழி இயற்கையில் இல்லை. ஆகவே மனிதர் அதனை வெட்டினர். கி.மு. 486-இல் வூ நாட்டு மன்னன் ஃபூசாய், யாங்சி ஆற்றையும் ஹுவாய் ஆற்றையும் இணைக்க யாங்சௌவின் அருகே ஒரு கால்வாய் தோண்டினான். படை நடத்துவதற்காகத் தோண்டிய அக்கால்வாயே பிற்காலப் பெருங்கால்வாயின் முதற்கண்ணி.

பல கண்ணிகளை ஒரே சங்கிலியாகக் கோத்தவன் சூயி மரபின் பேரரசன் யாங். கி.பி. 605-இல் தொடங்கிய அவன் பணி, 610-இல் ஹாங்சௌ வரை எட்டியது. இலட்சக்கணக்கான மக்கள் கட்டாய உழைப்புக்கு இழுக்கப்பட்டனர். அம்மக்களின் சினமும், கொரியப் போர்களில் அவன் அடைந்த தோல்வியும் சேர்ந்து 618-இல் அவன் உயிரையும் அரசையும் ஒருங்கே போக்கின. அரசு போயிற்று, கால்வாய் நின்றது. அடுத்து வந்த தாங் மரபினர் அதன் பயனை நுகர்ந்தனர்.

கால்வாயின் நுட்பங்கள் வியத்தற்குரியன. தொடக்கத்தில், நீர்மட்டம் மாறும் இடங்களில் படகுகளைச் சரிவான கரைகளின்மேல் கயிறு கட்டி இழுத்தேற்றினர். அவ்வாறு இழுக்கையில் படகுகள் உடையும். உடைந்த படகிலிருந்து அரசாங்க நெல் களவு போகும். இவ்விரு தொல்லைகளையும் ஒழிக்க எண்ணிய சியாவ் வெய்யுவே என்னும் அதிகாரி, 984-இல் ஹுவாய் ஆற்றுப் பகுதியில் இரட்டை மதகு ஒன்றை அமைத்தார். இரு கதவுகளுக்கு இடையே படகை நிறுத்தி, நீரை ஏற்றியோ இறக்கியோ படகை அடுத்த மட்டத்துக்குச் செலுத்தும் முறை அது. உலகில் இத்தகைய மதகு பற்றி நமக்குத் தெரிந்த மிகப் பழைய செய்திகளுள் இஃது ஒன்று. நெற்களவைத் தடுக்க எழுந்த எண்ணம் உலகப் பொறியியலுக்கே வழிகாட்டியாயிற்று.

மங்கோலியப் பேரரசன் குப்ளாய் கான், இன்றைய பீஜிங்கைத் தலைநகராக்கியபோது கால்வாய் நேர் வடக்கே நீட்டப்பட்டது. குவோ ஷோஜிங் என்னும் வானியல் அறிஞர் நீரூற்றுகளைத் தேடித் திரட்டி, 1293-இல் படகுகள் தலைநகருக்குள்ளேயே வந்து சேர வழி செய்தார். இடையிலே ஷான்டோங் மேட்டுநிலம் ஒரு தடையாக இருந்தது. 1411-இல் சோங் லீ என்னும் அமைச்சர் அதனைச் சீர்செய்ய வந்தபோது, பாய் யிங் என்னும் நாட்டுப்புற முதியவர் ஒருவர் சொன்ன யோசனைப்படி வென் ஆற்றைத் திருப்பி, மேட்டின் உச்சியிலுள்ள நான்வாங் என்னுமிடத்தில் நீரை வடக்கும் தெற்குமாகப் பிரித்தார். அமைச்சரின் பெயரோடு அம்முதியவரின் பெயரையும் வரலாறு காத்து வைத்திருப்பது மகிழத்தக்கது. மிங், சிங் மரபுகளின் காலத்தில் இவ்வழியே ஆண்டுதோறும் ஷி என்னும் தானிய அளவையில் ஏறத்தாழ 40 இலட்சம் வடக்கே சென்றது. பீஜிங் முதல் ஹாங்சௌ வரை கால்வாயின் நீளம் ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர்.

நெல் சென்ற வழியே செல்வம் திரும்பி வந்தது. பட்டு, உப்பு, தேயிலை, தாள் ஆகியவற்றின் வணிகர்களும், பதவியிலிருந்து ஓய்வு பெற்ற அதிகாரிகளும் கால்வாய்க் கரை நகரங்களிலே குடியேறினர். அவர்கள் அமைத்த சோலைகளே இந்நகரங்களின் அணிகலன்கள் ஆயின.

கல்லிலே ஒரு நகரம்

சூசௌ நகரம் கி.மு. 514-இல் வூ நாட்டு மன்னன் ஹேலூவின் ஆணைப்படி, வூ சீஷு என்னும் அமைச்சரால் வகுக்கப்பட்டது என்று மரபு கூறும். வீதியும் கால்வாயும் இணை கோடுகளாகச் செல்வது இதன் தனிச்சிறப்பு. வீட்டின் முன்வாயில் வீதியைப் பார்க்கும். பின்வாயில் கால்வாயைப் பார்க்கும். விருந்தினர் முன்வாயிலில் வருவர். அரிசியும் விறகும் பின்வாயிற் படித்துறையில் படகு வழி வந்து இறங்கும்.

1130-இல் வடக்கேயிருந்து வந்த ஜுர்ச்சென் படை இந்நகரைக் கொள்ளையிட்டுத் தீக்கிரையாக்கியது. நகரம் ஏறத்தாழ முற்றும் எரிந்தது. பின்னர் மக்கள் அதனைச் சிறிது சிறிதாகக் கட்டி எழுப்பினர். எரிந்த 99 ஆண்டுகளுக்குப் பின், 1229-இல், நகரத் தலைவர் ஒருவர் புதுக்கிய நகரின் வரைபடத்தைப் பெரிய கற்பலகையில் செதுக்கச் செய்தார். பிங்ஜியாங் வரைபடம் என்று பெயர் பெற்ற அக்கல் இன்றும் சூசௌவின் கன்பூசியக் கோயிலில் உள்ளது. மதில், வாயில், அரசு மனை, கோயில், கோபுரம், முந்நூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் ஆகிய அனைத்தும் அதிற் காட்டப்பட்டுள்ளன. ஒருமுறை அழிந்ததைக் கண்டவர்களின் வழிவந்தோர், மீண்டும் அழியினும் அடையாளம் எஞ்சுமாறு கல்லிற் பொறித்தனரோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இன்று பிங்ஜியாங் வீதியில் நின்று காமிராவை உயர்த்துவோமானால், அக்கல்லிலே கண்ட அதே கால்வாயும் அதே வீதியும் நம் கண்ணாடி வில்லைக்குள் வந்து அமைகின்றன. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழி தப்பாமல் நடக்கக்கூடிய நகரங்கள் உலகில் மிகச் சிலவே.

நகரின் தெற்கே, பெருங்கால்வாயை ஒட்டி, மணியரைக்கச்சுப் பாலம் என்று பொருள்படும் பாவ்தாய்ப் பாலம் நீண்டு கிடக்கிறது. தாங் மரபின் காலத்தில், 816-ஆம் ஆண்டில் தொடங்கி 819-இல் முடிக்கப்பட்டது. வாங் சோங்ஷு என்னும் ஆளுநர் தம் இடையில் அணிந்த பச்சைமணிக் கச்சையை விற்றுப் பொருள் தந்ததால் அப்பெயர் வந்தது என்பர். 53 வளைவுகளும் 300 மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் உடைய இப்பாலம் கால்நடையாகச் செல்வோருக்கு மட்டும் கட்டப்பட்டதன்று. கரையிலிருந்து நெற்படகுகளைக் கயிறு கட்டி இழுத்துச் சென்ற உழைப்பாளிகளுக்கு அஃது ஓர் இழுவைப் பாதை. பலமுறை இடிந்து பலமுறை கட்டப்பட்ட அதனைப் படமெடுப்போர், அழகிய வளைவுகளோடு, கயிறு இழுத்த அத்தோள்களையும் நினைத்தல் வேண்டும்.

சுருளேட்டைப் போன்ற சோலை

சீனச் சோலை நம் நாட்டுப் பூங்காவைப் போன்றதன்று. அதில் மலர்ப்பாத்திகள் குறைவு, சுவர்கள் மிகுதி. வெண்சுவர் ஓவியத் தாள். அதன் முன் நிற்கும் பாறையும் மரமும் ஓவியம். தாய் ஏரியிலிருந்து எடுத்த, நீர் அரித்துத் துளைத்த பாறைகளை அவர்கள் உயிருள்ள நண்பரைப் போற் போற்றுவர். மெலிவு, சுருக்கம், துளை, ஊடுருவும் ஒளி ஆகிய நான்கும் நற்பாறையின் இலக்கணம். "தங்கிச் செல்லும் சோலை" எனப் பொருள்படும் லியூ சோலையில் நிற்கும் ஒரு பாறை 6.5 மீட்டர் உயரமுடையது. அதற்கு முகில் முடிச் சிகரம் என்று பெயரும் உண்டு.

இக்கலைக்கு நூல் வகுத்தவர் ஜீ செங். 1582-இல் சூசௌவின் அண்மையிலுள்ள தோங்லீ என்னும் நீரூரில் பிறந்தவர். 1631-இல் அவர் எழுதி முடித்த "யுவான்யே" என்னும் நூல் சோலையமைப்பைப் பற்றிச் சீனத்தில் தோன்றிய முதல் முழுநூல். நிலத்தைத் தேர்தல், சுவர் எழுப்பல், பாறை அடுக்கல் ஆகியவற்றைக் கூறிய பின், இறுதியில் அவர் "கடன் வாங்கிய காட்சி" என்னும் கருத்தை விளக்குகிறார். தொலைவிலுள்ள கோபுரத்தையோ மலையையோ தம் சோலைக்கு உரியதுபோல் காட்சியில் அடக்கிக் கொள்வதே அது. எளிய ஆட்சியாளன் சோலை என்னும் சோசெங் சோலையில் நின்று மேற்கே பார்த்தால், குளத்துக்கு அப்பால், நகரின் வடகோயிற் கோபுரம் சோலைக்குள்ளேயே நிற்பதுபோல் தோன்றும். கோபுரத்தின் உயரம் 76 மீட்டர். அது நிற்பதோ சோலைக்கு வெளியே, நகர வீதிகளுக்கு அப்பால். காமிரா ஏந்தியவர் எவரும் முதலில் எடுக்கும் படம் இதுவே. படத்தின் எல்லையைத் தேர்ந்து வகுக்கும் கலையை, காமிரா தோன்றுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஜீ செங் எழுதி வைத்தார் எனலாம். அவருடைய நூலோ சீனத்தில் நெடுங்காலம் மறக்கப்பட்டு, ஜப்பானில் காக்கப்பட்ட படிகளின் துணையால் 1930-களில் மீண்டும் தாயகம் வந்து அச்சேறியது.

இச்சோலைகள் காமிராவுக்கு எளிதில் அடங்குவதில்லை. "வலைஞன் சோலை" என்னும் வாங்ஷீ சோலை ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மிகுதியான நிலமே. ஆயினும் அதனுள் நடப்போர்க்கு அது முடிவின்றி விரியும். ஒரு வாயிலைக் கடந்தால் குளம், திரும்பினால் முற்றம், பலகணியின் பின்னல் வழியே இன்னொரு முற்றத்தின் ஒரு துண்டு. சீனர் தம் நீண்ட ஓவியச் சுருளை முழுவதும் விரித்துப் பாரார். ஒரு கையால் விரித்து மறு கையால் சுருட்டிக்கொண்டே பார்ப்பர். சோலையும் அவ்வாறே. ஆகவே இங்கு ஒரு படம் எடுத்தால் அது சோலையின் ஓர் எழுத்து. பல படங்களை நடந்த வரிசையிலே அடுக்கினால்தான் அது ஒரு சொல்லாகும்.

சோசெங் சோலையை அமைத்தவர் வாங் சியான்சென் என்னும் அதிகாரி. அரசுப் பணியில் மனம் கசந்து ஊர் திரும்பிய அவர், 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனைத் தொடங்கினார். அவருடைய நண்பரும் பெரும் ஓவியருமான வென் செங்மிங், 1533-இல் அச்சோலையின் 31 காட்சிகளை ஓவியமாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கவிதையும் எழுதித் தந்தார். வாங்கின் மறைவுக்குப் பின் அவர் மகன் ஒரே இரவுச் சூதாட்டத்தில் சோலையைத் தோற்றான் என்பது வழிவழிச் செய்தி. பின்னர் அது பல கைகள் மாறி, துண்டுகளாகப் பிரிந்து, உருவமும் பெரிதும் மாறியது. இன்று நாம் காணும் சோலை வென் செங்மிங் கண்ட சோலையன்று. அவர் கண்டது ஓவியத்தில் மட்டும் இருக்கிறது. அவ்வோவியங்கள் 1920-களில் ஷாங்காயில் நிழற்பட அச்சாக வெளியிடப்பட்டன. அறிஞர்கள் பெரும்பாலும் அவ்வச்சினைக் கொண்டே அவற்றை ஆராய்ந்து வருகின்றனர். சோலையை ஓவியம் காத்தது. ஓவியத்தை நிழற்படம் காத்தது.

எரிந்தனவும் எஞ்சியனவும்

யாங்சௌவின் செல்வம் உப்பிலிருந்து பிறந்தது. சியான்லோங் பேரரசர் 1751 முதல் 1784 வரை ஆறுமுறை தெற்கே கால்வாய் வழியாக உலா வந்தார். அவரை வரவேற்க உப்பு வணிகர்கள் மெல்லிய மேற்கேரியின் இரு கரையிலும் சோலைகளை வரிசையாக எழுப்பினர். 1757-இல் கட்டிய ஐந்து மண்டபப் பாலம் இன்றும் அங்கே அழகுற நிற்கிறது. 1795-இல் லீ தோவ் என்னும் எழுத்தாளர் அச்சோலைகளையும், அங்கு வாழ்ந்த கலைஞர்களையும், வண்ணப் படகுகளையும் விரிவாக எழுதி நூலாக வெளியிட்டார். அதன்பின் அரை நூற்றாண்டுக்குள் உப்பு வணிகம் சரிந்தது, சோலைகள் பாழடைந்தன. லீ தோவின் நூல் இல்லையேல், அவற்றுட் பலவற்றின் பெயரும் நமக்குத் தெரிந்திராது.

சூசௌவின் செழிப்பை வண்ணத்திலே காத்தவர் சூ யாங். அந்நகரிலேயே பிறந்து அரண்மனை ஓவியரான அவர், 1759-இல் 12 மீட்டருக்கு மேல் நீளமுள்ள சுருளொன்றில் சூசௌவின் கால்வாய்களையும் பாலங்களையும் கடைகளையும் ஆயிரக்கணக்கான மக்களையும் தீட்டினார். கடைகளின் பெயர்ப்பலகைகளைக்கூட இன்றும் படிக்கலாம்.

நூறாண்டு கழிந்தது. 1850-இல் மூண்ட தைப்பிங் கிளர்ச்சி, சீனத்தின் தென்பகுதியை 14 ஆண்டுகள் எரித்தது. 1860-இல் சூசௌ கிளர்ச்சியாளர் வசமாகி, 1863 முடிவில் மீண்டும் அரசின் கைக்கு வந்தது. சூ யாங் வரைந்த வணிகப் பகுதி சாம்பலாயிற்று. பேரரசர் தொகுப்பித்த நான்கு கருவூலம் என்னும் மாபெரும் கையெழுத்து நூல்தொகுதியின் படிகள் யாங்சௌ, ஜென்ஜியாங், ஹாங்சௌ ஆகிய மூன்று கால்வாய் நகரங்களில் வைக்கப்பட்டிருந்தன. முதலிரண்டும் முற்றும் எரிந்தன. ஹாங்சௌவில் இருந்தது சிதறியது. அந்நகரில் வாழ்ந்த திங் ஷென், திங் பிங் என்னும் உடன்பிறந்தார் இருவர், கடையில் பண்டம் பொதியும் தாளாக அந்நூலின் ஏடுகள் பயன்படுவதைக் கண்டு திடுக்கிட்டனர். தேடித் தேடி, 36,000-க்கும் மேற்பட்ட தொகுதிகளுள் 8,000-க்கும் மேற்பட்டவற்றை மீட்டனர். எஞ்சியவற்றுட் பெரும்பகுதியை 1880-களில் ஆள் வைத்து மீண்டும் எழுதச் செய்தனர்.

இதே அழிவின் காலத்தில் காமிராவும் சீனத்திலே தன் பணியைச் செய்தது. 1860-இல் ஆங்கில, பிரெஞ்சுப் படைகளோடு வந்த ஃபெலிசே பியாத்தோ என்னும் நிழற்படக்காரர், பீஜிங்கின் புறத்தே இருந்த அரசச் சோலைகளின் சில மண்டபங்களைப் படமெடுத்தார். சில நாட்களில், அக்டோபர் மாதத்தில், படையினர் அச்சோலைகளைக் கொளுத்தினர். சியான்லோங் பேரரசர் சூசௌவில் கண்டு மயங்கிய சிங்கவனச் சோலையின் சாயலில் அங்கே அமைத்த பகுதியும் அவற்றோடு பாழாயிற்று. எரித்த படையோடு வந்தவர் எடுத்த படமே, எரிந்ததற்குச் சான்றாக நின்றது.

வடக்கிலிருந்து வந்தவர்

இக்கட்டுரையின் நடுமணியாக நாம் வைக்க விரும்புவது தோங் ஜுன் என்பவரின் வரலாறு. 1900-இல் வடகிழக்குச் சீனத்தின் ஷென்யாங் நகரில், மஞ்சு குலத்தில் பிறந்தவர். பீஜிங்கில் கற்று, பின் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்று, ஊர் திரும்பிப் பேராசிரியரானார். 1931 செப்டம்பரில் ஜப்பானியப் படை ஷென்யாங்கைக் கைப்பற்றியது. பிறந்த மண்ணை விட்டு அவர் ஷாங்காய் வந்து சேர்ந்தார். நண்பர் இருவரோடு கூடிக் கட்டடக்கலை நிறுவனம் ஒன்றை நடத்தினார்.

புதுநகரில் பிழைப்புக்கு வந்த அவர், ஓய்வு நாட்களில் காமிராவை எடுத்துக்கொண்டு, இரயிலேறிச் சூசௌவுக்கும் பிற ஊர்களுக்கும் போய்வரலானார். பூட்டிக் கிடந்த சோலைகளைத் திறக்கச் சொல்லி உள்ளே சென்றார். படமெடுத்தார்; அளவு கருவிகள் இல்லாத இடத்தில் காலடிகளால் அளந்து வரைபடம் வரைந்தார். அந்நாளில் சோலை வைத்திருந்த குடும்பங்கள் பல நொடித்திருந்தன. குளம் தூர்ந்தும், மண்டபம் சாய்ந்தும், பாறைகள் விலை போயும் கிடந்த காட்சிகளை அவர் கண்டார். இவை குறைந்துகொண்டே போகும், இனிப் புதியன தோன்றமாட்டா என்னும் துயரம் அவர் நூலின் முன்னுரை முழுதும் இழையோடுகிறது. தெற்கத்தியார் நாள்தோறும் பார்த்துப் பழகியதால் பொருட்படுத்தாதவற்றை, வடக்கிலிருந்து வந்த அவர் கண் பொருட்படுத்தியது.

1937-இல் நூல் முடிந்தது. சீனக் கட்டடக்கலை ஆய்வுக் கழகத்தின் வாயிலாக அதனை வெளியிட ஏற்பாடாகியது. அவ்வாண்டு ஜூலையிலேயே போர் மூண்டது. நவம்பரில் சூசௌ வீழ்ந்தது. கையெழுத்துப் படியும் நிழற்படங்களும் பாதுகாப்புக் கருதித் தியென்ஜின் நகரின் வங்கி ஒன்றின் கிடங்கில் வைக்கப்பட்டன. போர் அவற்றைத் தீண்டவில்லை, வெள்ளம் தீண்டியது. 1939-இல் தியென்ஜினை மூழ்கடித்த பெருவெள்ளத்தில் அவை நனைந்து, எழுத்தும் படமும் மங்கின. திரும்பப் பெற்ற ஈர ஏடுகளைக் கொண்டு தோங் ஜுன் மீண்டும் உழைத்தார். "ஜியாங்னான் சோலைகள் பற்றிய குறிப்பு" என்னும் அந்நூல் 1963-இல்தான் வெளிவந்தது. எழுதி முடித்ததற்கும் அச்சேறியதற்கும் இடையே 26 ஆண்டுகள். அவர் படமெடுத்த சோலைகள் சில அதற்குள் போரில் அழிந்திருந்தன. அவற்றுக்கு அந்நூலே உறைவிடம். 1983-இல் அவர் மறைந்தார்.

அவர் வழியிலே மற்றோரும் உழைத்தனர். ஹாங்சௌவில் பிறந்த பேராசிரியர் சென் சோங்சௌ, 1956-இல் சூசௌச் சோலைகளைப் பற்றிய தம் நூலைப் படங்களோடு வெளியிட்டார். லியூ துன்ஜென் என்னும் பேரறிஞர் 1953 முதல் மாணவர்களோடு அச்சோலைகளை ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு பாறையும் விடாமல் அளந்து படமெடுத்தார். பண்பாட்டுப் புரட்சியின் கொந்தளிப்பிடையே 1968-இல் அவர் இறந்தார். அவருடைய பெருநூல் 1979-இல் வெளிவந்தது. 1981-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில், வாங்ஷீ சோலையின் முற்றமொன்றை மாதிரியாகக் கொண்டு, சூசௌக் கைவினைஞர்கள் சீனச் சோலை ஒன்றை அமைத்துத் தந்தனர். 1997-இல் சூசௌவின் நான்கு சோலைகளும், 2000-இல் மேலும் ஐந்தும், 2011-இல் ஹாங்சௌவின் மேற்கேரியும், 2014-இல் பெருங்கால்வாயும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டன.

எல்லாம் காக்கப்பட்டுவிட்டன என்று மகிழ்வதற்கில்லை. 1855-இல் மஞ்சள் ஆறு தடம் மாறியபோதே கால்வாயின் வடபகுதி துண்டுபட்டது. 1901-இல் அரசாங்க நெற்போக்குவரத்து நின்றது. பின்னர் இரயில் அதன் இடத்தைப் பிடித்தது. தென்பகுதியிலே மட்டும் சரக்குப் படகுகள் இன்றும் ஓடுகின்றன. சூசௌவின் மதில் 1958-இல் பெரும்பாலும் இடிக்கப்பட்டது. 1229-இன் கல்லிலே கண்ட உள்நகர்க் கால்வாய்களுள் பாதிக்கும் மேற்பட்டவை தூர்க்கப்பட்டு வீதிகளாயின. கல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பதனாலேயே, போனது எவ்வளவு என்பது நமக்குத் தெரிகிறது.

கல் சொல்லும் உறவு

இந்நீர்நகரங்களோடு நமக்கும் உறவு உண்டு. ஹாங்சௌவின் லிங்யின் கோயிலுக்கு எதிரே பறந்து வந்த சிகரம் என்னும் குன்று நிற்கிறது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து சென்று அக்கோயிலை நிறுவிய துறவி, அக்குன்று தம் நாட்டிலிருந்தே பறந்து வந்தது என்று கூறினாராம். ஊரைப் பிரிந்து நெடுந்தொலைவு வந்தவர் கண்ணுக்கு, வந்த ஊர்க் குன்றும் பிறந்த ஊர்க் குன்றாகவே தோன்றியது போலும்!

ஹாங்சௌவுக்குத் தெற்கே, கடற்கரையில் உள்ளது சுவான்சௌத் துறைமுகம். பெருங்கால்வாயைப் பீஜிங்குக்கு நீட்டிய அதே குப்ளாய் கானின் ஆட்சியில், 1281-இல், அங்கு வாழ்ந்த தமிழ் வணிகர்கள் சிவபெருமானை எழுந்தருளச் செய்து, தமிழிலே கல்வெட்டுப் பொறித்தனர். அதன் இறுதி வரி சீன எழுத்தில் உள்ளது. கோயில் இன்று இல்லை. அதன் சிற்பங்கள் வேறு கோயிலிலும் அருங்காட்சியகத்திலும் சிதறிக் கிடக்கின்றன. அவ்வணிகர்களின் வீடு எங்கே, பிள்ளைகள் என்னவாயினர் என்பவற்றைக் கூறுவார் இலர். ஆயினும் ஒரு கல் எஞ்சியதால், தமிழர் அங்கு வாழ்ந்தனர் என்று உலகம் ஒப்புகிறது.

பிறந்த மண்ணை விட்டு வேற்றூரில் வாழும் நமக்கு இவ்வரலாறு உணர்த்துவது யாது? தோங் ஜுன் இழந்தது ஷென்யாங். அவர் காத்தது சூசௌ. வந்து சேர்ந்த ஊரின் அழகுக்கும் வந்தவர் காவலர் ஆகலாம் என்பதே அவர் வாழ்க்கை தரும் பாடம். நம் இல்லங்களில் இன்று காமிரா இல்லாத கை இல்லை. கைப்பேசியிலே ஆயிரக்கணக்கான படங்கள் உள. பொங்கல் விழாவையும் பிள்ளைகளின் நாட்டியத்தையும் எடுப்பதோடு, நாம் குடியேறிய இவ்வூரின் பழைய கிணற்றையும், சந்தையையும், முதல் வரிசை வீடுகளையும், அவை இடிபடுமுன் எடுத்து வைப்போமாக. எடுத்த படத்தோடு இடம், ஆண்டு, ஆட்களின் பெயர் ஆகிய மூன்றையும் மறவாது எழுதி வைப்போமாக. பெயரும் ஆண்டும் இல்லாத படம், எழுத்து அழிந்த கல்லை ஒக்கும்.

கல்லிற் பொறித்தோரும், தூரிகையால் தீட்டியோரும், நனைந்த ஏட்டை உலர்த்தி மீண்டும் எழுதியோரும் தம் கடமையைச் செய்து சென்றனர். நம் கடமையை நாம் செய்வோம். சங்கம் வாழ்க! வந்தாரை வாழவைக்கும் இவ்வூரும் வாழ்க!